கதவில் கை வைத்த பிறகு

ஜூன் 4

டாக்டரம்மாவுக்கு,

வணக்கம் போட்டுத் தொடங்குவது மரியாதை. போட்டாயிற்று. இனி கேட்க வந்ததைக் கேட்கிறேன். என் பேத்திக்கு என்ன சொக்குப்பொடி போட்டீர்கள்?

நான் யாரென்று யோசிக்க வேண்டாம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆறு வாரப் பயிற்சி என்று வந்து, வந்த வழியே திரும்பாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டாளே ஒரு சின்ன டாக்டர், அவளுடைய பாட்டி. வீட்டில் அவளைப் பொடிச்சி என்போம். என் மகளும் மருமகனும் மாற்றல் மாற்றல் என்று ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்ததால், பள்ளிக்கூடம் சேர்ந்த நாள் முதல் என்னிடம் வளர்ந்தவள். நான் தையல்காரி. ஐந்தாம் வகுப்போடு என்னை மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள், இன்று வரை எழுந்திருக்கவில்லை. இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளின் சீருடை என் கை வழியாகத்தான் போகிறது.

அவளுக்கு ஆபரேஷன் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. யார் காலையும் பிடித்து வாங்கியது இல்லை, மார்க் வாங்கிக் கிடைத்தது. தையல்காரி பேத்தி தையல் போடுகிற டாக்டராகப் போகிறாள் என்று தெருவுக்கே சொல்லிவிட்டேன். அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கக் கற்றுக் கொடுத்தது நான். அந்தக் கை ஆபரேஷன் மேஜைக்குப் பிறந்த கை. அவளோ அந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உங்களிடம் குடும்ப மருத்துவம் படிக்கப் போகிறாளாம். குடும்ப மருத்துவம் என்றால் என்ன? சளி, காய்ச்சல், வயிற்றோட்டம். மூக்கு உள்ளவரை சளி இருக்கும் என்று எனக்கே தெரியும். அதற்கு ஒரு மேற்படிப்பா?

போன மாதம் அவள் அனுப்பிய படத்தில் வெள்ளைக் கோட்டு இல்லாமல் நிற்கிறாள். கேட்டால், “இங்க யாரும் கோட்டு போடறதில்ல பாட்டி, பிள்ளைங்க பார்த்தா அழுவுதுங்க” என்கிறாள். மூன்று கோட்டு தைத்துக் கொடுத்தேன். உள்தையல் கூட வெளியே தெரியாமல் தைத்தேன். அழுகிற பிள்ளைக்காகக் கோட்டைக் கழற்றுகிறவள் நாளைக்கு எதைக் கழற்றுவாள்?

அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஜூலை கடைசிக்குள் காட்டாவிட்டால் உங்களிடம் உள்ள இடம் போய்விடும் என்று அவள்தான் சொன்னாள். போகட்டும். சாவி என் இடுப்பில். அடுத்த கவுன்சிலிங் சுற்றில் ஆபரேஷன் படிப்புக்கே போவாள்.

போனில் பேச மாட்டேன். போனில் அவள் அழுவாள், நான் இளகிவிடுவேன். எழுத்து அழாது.

இப்படிக்கு,
அவளை வளர்த்தவள்

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருக்கும். கண்ணில் நீர் அழுத்தம் என்று காலையும் மாலையும் சொட்டு விடுகிறேன். எனக்குப் பார்ப்பவர் கண் மட்டுமே பார்க்கிற பெரிய டாக்டர். சளிக்கெல்லாம் பார்க்க மாட்டார்.

ஜூன் 11

அம்மா,

சொக்குப்பொடி எதுவும் எங்கள் மருந்தகத்தில் இருப்பு இல்லை. பாரசிட்டமாலே பாதி நாள் இருப்பதில்லை.

உங்கள் பேத்தியிடம் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். “உனக்கு நல்ல கை. இங்க வந்து வீணாக்காதே. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் வேற இடம் கிடைக்காம வர்றவங்க, மீதிப் பேர் வீடு பக்கத்துல இருக்குன்னு வர்றவங்க” என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவள் போகவில்லை. அது என் குற்றமில்லை.

ஆனால் ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள், அதற்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன். பெரிய மருத்துவமனையில் ஒரு பேராசிரியர் வகுப்பு நடுவில் இவளை எழுப்பி, “சளி டாக்டராகப் போறியாமே, அதுக்கு எதுக்கு இவ்வளவு மார்க்?” என்று கேட்டாராம். வகுப்பே சிரித்ததாம். அவர் படித்த மனிதர், நீங்கள் ஐந்தாம் வகுப்பு. வாய் மட்டும் ஒன்று. இருபத்தைந்து வருடமாக இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். பழகவில்லை.

சர்டிபிகேட் உங்கள் பெட்டியில் இருந்தாலும் உங்களுடையது ஆகாது. பாட்டியிடம் கேளடி என்று அவளிடம் சொன்னேன். “ஒரு தடவை கேட்டாச்சு. நான் படிச்சு வாங்கினதை நானே ரெண்டாம் தடவை பிச்சை கேக்கணுமா?” என்றாள். இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் விளங்கியது.

நீங்கள் எழுதியது அவளுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று எழுதுங்கள்.

நிலைய மருத்துவர்

பின்குறிப்பு: சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து கண்ணோடு நிற்கும், உடம்புக்குள் அதிகம் இறங்காது.

ஜூன் 17

டாக்டரம்மாவுக்கு,

நானும் அந்த வாத்தியாரும் ஒரே வாயா? படித்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தவள்தான், அன்று முழுக்க ஒரு துணி வெட்டவில்லை. என் பேத்தியை எழுப்பி நிற்க வைத்துச் சிரித்தானா? அவன் பேண்ட் தைக்க என்னிடம் வரட்டும், உட்காரும் இடத்தில் ஒற்றைத் தையல் போட்டுக் கொடுக்கிறேன்.

ஆனால் நான் சொன்னால் அது வேறு. நான் வளர்த்தவள். அடிக்கிற கைதான் அணைக்கும். அவன் அடித்தான், அவ்வளவுதான்.

அவளிடம் சொல்ல வேண்டாம். நான் கெஞ்சி எழுதினேன் என்று நினைப்பாள்.

நீங்கள் சொக்குப்பொடி போடவில்லை என்றால் வேறு என்ன? அங்கே பையன் யாராவது உண்டா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், அதையாவது புரிந்துகொள்வேன். வேலை கம்மி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சோம்பலா? அவள் சோம்பேறி இல்லை. பயமா? தவளை அறுக்கும்போது வகுப்பில் மயங்கி விழாத ஒரே பெண் அவள். எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் இந்தத் துணிக்கு அளவு உட்காரவில்லை.

எதிர் மளிகைக்கடைக்காரர் தினமும் கேட்கிறார், “சின்ன டாக்டர் எப்ப ஆபரேஷன் ஆரம்பிக்கிறாங்க? என் குடலிறக்கத்தை அவங்களுக்காகத்தான் வச்சிருக்கேன்” என்று. நான் என்ன பதில் சொல்ல? இருமல் வந்தால் சொல்லியனுப்புங்கள் என்றா?

இப்படிக்கு,
அவளை வளர்த்தவள்

பின்குறிப்பு: மூக்கோரம் அழுத்திப் பார்த்தேன். சொட்டு விட்டதும் தொண்டையில் ஒரு கசப்பு இறங்கும், அது இப்போது இல்லை. தற்செயலாக இருக்கலாம். கை நடுக்கத்துக்கு நரம்பு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்த பிறகு ஊசியில் நூல் நானே கோக்கிறேன். பிரஷருக்கு இதய டாக்டர். ஊரில் ஆளுக்கு ஒரு டாக்டர் என்றால் எனக்கு உறுப்புக்கு ஒரு டாக்டர். அதுதான் பெரிய ஆஸ்பத்திரி.

ஜூன் 25

அம்மா,

பையன் யாரும் இல்லை. ஒரு கதவு இருக்கிறது.

எங்கள் நிலையத்தில் நோயாளியை மணி அடித்துக் கூப்பிடுவதில்லை. டாக்டர் எழுந்து போய் அழைத்து வர வேண்டும், பார்த்து முடித்ததும் கதவு வரை கூடப் போக வேண்டும். எனக்கு முன்பு இருந்தவர் வைத்த பழக்கம். மரியாதைக்காக என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மரியாதைக்காக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சொல்வது ஒன்றாக இருக்கும், எதற்கு வந்தார்கள் என்பது கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் பலர் வாயில் வரும். பாதி வெளியே போயாகிவிட்டது, இனி அவமானம் இல்லை என்கிற தைரியம் அது.

உங்கள் பேத்தி வந்த புதிதில் இதைக் கேலி செய்தாள். நடந்து நடந்து கால் வலிக்கிறது என்றாள். ஒரு நாள் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் முதுகுவலி என்று வந்தார். பார்த்தாள், மாத்திரை எழுதினாள், கதவு வரை போனாள். அவர் பிடியைத் திருப்பிக்கொண்டே, சந்தை நிலவரம் கேட்பதுபோல, “இத்தனையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டா தூக்கத்திலேயே போயிடலாமா டாக்டர்?” என்றார்.

அவள் கதவைச் சாத்தினாள். “உக்காருங்க. நானும் உக்காருறேன்” என்றாள். வெளியே வரிசை கத்தியது. நானும் கத்தினேன், எனக்கு அன்று அறை நிறைய நோயாளிகள். அவள் கதவைத் திறக்கவில்லை. அவருடைய அண்ணனை வரவழைத்து, மனநல மருத்துவரிடம் பேசி, அவரைத் தனியாக விடாமல் அனுப்பி வைத்தாள். அவர் அடுத்த வாரம் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். இன்னும் வருகிறார். முதுகு இன்னும் வலிக்கிறது. ஆள் இருக்கிறார்.

பயிற்சி முடிந்த நாள் அவள் என்னிடம் சொன்னது இது: “பெரிய ஆஸ்பத்திரியில நான் யாரோட கதையையும் கடைசி வரை பார்த்ததே இல்ல. நடுவுல வர்றாங்க, நடுவுலயே போயிடறாங்க.” எனக்குத் தெரிந்த காரணம் இவ்வளவுதான். இது உங்களுக்குப் போதாது என்று தெரியும். தெருவில் சொல்லிக்கொள்ளும் காரணம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதங்களில் நான் பின்குறிப்பைத்தான் முதலில் படிக்கிறேன். அந்த மூன்று டாக்டர்களும் கொடுத்த மருந்துகளின் பெயரை எழுதி அனுப்புங்கள்.

நிலைய மருத்துவர்

ஜூலை 2

டாக்டரம்மாவுக்கு,

ஒரு மனிதனைப் பிடித்து உட்கார வைத்துப் பேச டாக்டர் படிப்பு எதற்கு? என் கடையில் தினமும் நாலு பேர் அளவு கொடுக்க வந்து அழுதுவிட்டுப் போகிறார்கள். நான் மேற்படிப்பு படித்தேனா? காரணம் கேட்டால் கதை சொல்கிறீர்கள்.

அந்த ஆளுக்கு ஏன் அந்த நினைப்பு வந்தது, அதை எழுதவில்லையே. கடனா, பெண்டாட்டி விட்டுப் போனாளா? அரைக் கதையை எழுதி விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மருந்துப் பெயர் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படம் பார்ப்பதுபோலத்தான். அதனால் காலி அட்டைகளில் பெயர் உள்ள இடத்தைக் கத்தரித்து, சொட்டு டப்பாவின் மூடியையும் சேர்த்து, இந்தத் தாளோடு குண்டூசி குத்தியிருக்கிறேன். பிரிக்கும்போது விரலில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொள்வதாக இதற்கு அர்த்தம் இல்லை. என் டாக்டர்கள் எவ்வளவு பெரிய மருந்து எழுதுகிறார்கள் என்று நீங்களும் பார்க்க வேண்டும்.

சர்டிபிகேட் பெட்டியில்தான் இருக்கிறது. ஜூலை பிறந்துவிட்டது.

இப்படிக்கு,
அவளை வளர்த்தவள்

பின்குறிப்பு: போன வாரம் மெஷினை விட்டு எழுந்தபோது கண் இருட்டி, துணி மூட்டை மேல் சாய்ந்துவிட்டேன். மூட்டை இருந்ததால் அடியில்லை. இந்த வாரம் இன்னொரு தடவை. கை கால் ஜில்லென்று இருக்கிறது. உங்கள் இரண்டு பேர் மேல் உள்ள கோபம்தான் காரணம்.

ஜூலை 5

அம்மா,

உங்கள் கடை போனுக்குக் கூப்பிட்டேன். நான் யாரென்று சொன்னதும் வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதனால் இதை இப்போது கிளம்பும் பேருந்தின் ஓட்டுநர் கையில் கொடுக்கிறேன். உங்கள் தெரு முனையில் நிறுத்தி, உங்கள் கையில் கொடுத்த பிறகுதான் வண்டியை எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார். இது சண்டைக் கடிதம் இல்லை. முழுக்கப் படியுங்கள்.

நீங்கள் விழுவது கோபத்தால் இல்லை. பிரஷருக்கு இதய டாக்டர் கொடுத்த மாத்திரை, நடுக்கத்துக்கு நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை, கண்ணுக்கு விடும் சொட்டு, மூன்றும் வேறு வேறு பெயரில் ஒரே வகை மருந்து. மூன்றுமே இதயத் துடிப்பைக் குறைக்கும். கண்ணில் விடுவதுதானே என்று நினைப்பார்கள், அதுவும் இரத்தத்தில் கலக்கும். ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். மற்ற இருவர் என்ன கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வருகிற கோபத்தை எழுதினால் தாள் எரிந்துவிடும்.

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இன்றே, தனியாக இல்லாமல், யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி போங்கள். மூன்றையும் ஒரே மேஜையில் வையுங்கள். நாடித் துடிப்பை எண்ணச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

பேத்திக்குச் சொல்லட்டுமா என்று மறுபடி கேட்கிறேன். நீங்கள் சரி என்று சொல்லும் வரை சொல்ல மாட்டேன். பெட்டிச் சாவி உங்களுடையது போல, உடம்பைப் பற்றிய சேதியும் உங்களுடையது.

நிலைய மருத்துவர்

ஜூலை 16

டாக்டரம்மாவுக்கு,

உங்கள் ஓட்டுநர் நடுத்தெருவில் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்ததில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. “படிங்க பாட்டி, படிச்சாத்தான் நகருவேன்” என்று நின்றுவிட்டான். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு சாபம் விட்டார்கள். படித்தேன்.

மளிகைக்கடைக்காரர் தன் வண்டியில் கூட்டிப் போனார். மருந்தையெல்லாம் துணிப் பையில் போட்டுக்கொண்டு போய் இதய டாக்டர் மேஜையில் கொட்டினேன். அவர் தன் மாத்திரையை மட்டும் ஒதுக்கி எடுத்துக்கொண்டு, “சொட்டு என் டிபார்ட்மென்ட் இல்லம்மா” என்றார். என் உடம்பில் டிபார்ட்மென்ட் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கண் டாக்டரிடம் போனேன். “மாத்திரையைப் பத்தி இதய டாக்டர்கிட்ட கேளுங்க” என்றார். அங்கிருந்துதான் வருகிறேன் என்றேன். அதற்குள் அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார். நரம்பு டாக்டர் லீவு. இத்தனை வருஷம் இவர்கள் பெயரைச் சொல்லித்தானே தெருவில் நிமிர்ந்து நடந்தேன்.

தாழ்வாரத்தில் மறுபடி கண் இருட்டியது. ஒரு நர்ஸ் தாங்கிப் பிடித்து நாடி பார்த்தாள், பார்த்தவள் முகம் மாறி ஓடினாள். உள்ளே படுக்க வைத்தார்கள். ஒயர் ஒட்டினார்கள். பிறகு ஒரு டாக்டர் வந்து, இதயம் களைத்துவிட்டது, நெஞ்சில் மெஷின் வைக்க வேண்டும், நாளைக்கே வைக்கலாம் என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். நான் மெஷினோடு வாழ்ந்தவள், ஆனால் அது நெஞ்சுக்கு வெளியே இருக்கும். உங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினேன். பாதி படித்துவிட்டு, “யாரு இவங்க? எந்த ஹார்ட் சென்டர்?” என்றார்.

“சளி டாக்டர். மூணு மருந்தையும் சேர்த்துப் பார்த்த ஒரே டாக்டர். நீங்க முதல்ல அந்த மருந்தைக் குறைச்சுப் பாருங்க. அப்புறமும் இதயம் ஓடலன்னா மெஷின் வைங்க, நானே பிடிச்சுக்கிறேன்” என்றேன்.

அவர் காது சிவந்துவிட்டது. ஆனால் மீதியையும் படித்தார். போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். மருந்தைக் குறைத்தார்கள், சொட்டை மாற்றினார்கள். துடிப்பு தானாக ஏறியது. மெஷின் தாளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். தப்பு என்று ஒரு வாய் சொல்லவில்லை. ஒரு சட்டை அளவு பிசகினால் நான் துணிக்குத் துணி கொடுக்கிறேன். இவர்கள் நெஞ்சைக் கிழிக்கப் பார்த்துவிட்டு, “நல்லா ஆயிட்டீங்க பாட்டி” என்று சிரிக்கிறார்கள்.

கை மறுபடி நடுங்குகிறது. கோணலுக்கு இந்தத் தடவை கண் காரணம் இல்லை.

பொடிச்சியிடம் சொல்லாதீர்கள். அவள் எடுத்த படிப்புக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இப்படிக்கு,
அவளை வளர்த்தவள்

ஜூலை 20

அம்மா,

படித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்து நின்றேன். யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது. பிறகு யோசித்தால், அந்த மூவரில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம்.

நடுக்கத்துக்கு இதயத்தைத் தொடாத வேறு மருந்து இருக்கிறது. நரம்பு டாக்டர் லீவு முடிந்து வந்ததும், மற்ற இருவர் தருவதையும் காட்டிக் கேளுங்கள்.

உங்கள் பேத்தி அடுத்த அறையில்தான் இருக்கிறாள். காலையில் என் மேஜையில் உங்கள் உறையைப் பார்த்துவிட்டு, “இது யாரு கையெழுத்து?” என்றாள். ஒரு நோயாளி என்றேன். “நல்லா இருக்காங்களா?” என்றாள். இப்போது பரவாயில்லை என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல வேண்டிவரும் என்று கேட்காமல் போனாளோ என்னவோ. முழு விவரம் தெரிகிற நாளில் என்னை மன்னிக்க மாட்டாள்.

சர்டிபிகேட்டைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கேட்டால் வைத்தியம் பார்த்ததற்குக் கூலி கேட்டதாகும். தேதி உங்களுக்குத் தெரியும்.

மூட்டை தூக்குபவர் கதையின் மீதியை நான் எழுத முடியாது. அது அவருடையது.

நிலைய மருத்துவர்

ஜூலை 26

டாக்டரம்மாவுக்கு,

கூலி கேட்க மாட்டேன் என்று எழுதியே கேட்கிற சாமர்த்தியம் எங்கே கற்றீர்கள்? இதையும் அந்தக் கதவில்தான் கற்றீர்களா?

சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே காடாத் துணி சுற்றி, நாலு பக்கமும் தைத்து அதே ஓட்டுநரிடம் கொடுத்திருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டாமல் தையலைப் பிரித்து எடுங்கள். தேதிக்கு முன்னால் வந்துவிடும். வராவிட்டால் அவன் பஸ் இந்தத் தெருவைத் தாண்டாது.

நான் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். இப்போதும் சொல்கிறேன், அது வெட்டித் தைக்கிற கை. அதை வைத்துக்கொண்டு கதவு திறந்து மூடிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சல்தான். மளிகைக்கடைக்காரர் குடலிறக்கத்தை வேறு யாரிடமாவது காட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். “அப்ப உங்க பேத்தி என்ன டாக்டர்?” என்றார். “நீங்க எல்லா மருந்தையும் பையில போட்டு எடுத்துட்டுப் போனா, பையை முழுக்கக் கொட்டிப் பார்க்கிற டாக்டர்” என்றேன். அதற்கு ஒரு நல்ல பெயராக நீங்கள் படித்தவர்கள் யோசித்து வைத்திருக்க வேண்டும். குடும்ப மருத்துவம் என்றால் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை.

என் கோபம் எங்கேயும் போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. மணி அடிக்கிற அந்த ரூம்கள் மேல் இருக்கிறது. அவளை எழுப்பி நிற்க வைத்துச் சிரித்தவன் மேல் இருக்கிறது. உங்கள் மேல் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, நேரில் தீர்க்கிறேன். ஆஸ்பத்திரி சமாசாரத்தை இப்போது அவளிடம் சொல்லலாம். மயங்கி விழுந்ததைக் குறைத்துச் சொல்லுங்கள். டாக்டரிடம் நான் பேசியதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவளை வளர்த்தவள்

பின்குறிப்பு: படத்தில் பொடிச்சிக்குத் தோள் இறங்கித் தெரிந்தது. மெலிந்துவிட்டாளா? தோள், மார்பு, கை நீளம் மூன்றையும் யாரையாவது அளக்கச் சொல்லி எழுதி அனுப்புங்கள். வெள்ளை வேண்டாம். பிள்ளைகள் எந்த நிறத்தைப் பார்த்தால் அழுவதில்லை என்று கேட்டு, அதையும் எழுதுங்கள்.